"ஆண்டவர் சொன்னார்" என்றதும் பேச்சடைத்துப்போகும் வீடுகள்

"ஆண்டவர் என்னோடு பேசினார், இதுதான் முடிவு" என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால், அதன் பிறகு கணக்குப் பார்ப்பதும் காரணம் கேட்பதும் விசுவாசக் குறைவாகிவிடுகின்றன. மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்னும் அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவில், தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஆலோசகராகப் பணியாற்றும் நான் இதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். நானும் ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறவள். ஜெபத்தில் ஆண்டவர் வழிநடத்துகிறார் என்று நம்புகிறவள். அந்த நம்பிக்கையின் பெயரால் மனிதர்கள் தங்கள் விருப்பத்தைப் பிறர்மேல் சுமத்துவது என்னை வருத்துவதால்தான் இதை எழுதுகிறேன். இங்கே வருகிறவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா ஒருவர், கணவரின் ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கணவருக்கு 55 வயது நிறைந்திருந்தது. அந்த வயதில் அதுவரை சேர்ந்த சேமிப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியும். லாரி ஓட்டும் வேலையை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி ஜெபவீடு கட்டும்படி கர்த்தர் கட்டளையிட்டதாக அவர் அறிவித்துவிட்டார். கடைசி மகள் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள். "அவர எதிர்த்துப் பேசிடலாம் மேடம், கர்த்தர எதிர்த்து எப்படிப் பேசறது?" என்று அந்த அம்மா கேட்டார்.

பிறகு கணவரும் வந்தார். ஆண்டவர் பேசியது உண்மையா என்று நான் கேட்கவில்லை. அதைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஜெபத்தில் என்ன வந்தது, பிறகு தாமாக எண்ணிச் சேர்த்தது என்ன என்று மட்டும் பிரித்துச் சொல்லச் சொன்னேன். பழைய தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் இடிக்கப்பட்டபோது அங்கிருந்த சிறிய ஜெபக்கூடமும் போய்விட்டது என்றும், டவுன் வரை வர முடியாத முதியவர்களை நினைத்து ஜெபிக்கையில் மனம் உடைந்து அழுதேன் என்றும் அவர் சொன்னார். எந்த நிலம், எந்த மாதம், எவ்வளவு பணம், வேலையை விடுவதா என்பவையெல்லாம் தூக்கம் வராத இரவுகளில் தாம் போட்ட கணக்கு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் அந்த அம்மா அறிக்கையை எடுத்து மேசைமேல் விரித்தார். இருவரும் நெடுநேரம் வாதாடினார்கள். அந்த வாதம் அந்த வீட்டுக்குத் தேவையாயிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு இப்படி எதிர்க்கேள்வி கேட்பது கூடுதல் சிரமம். தோட்ட நிர்வாகியான துரையின் உத்தரவு, எழுத்தரான கிராணி வழியாகவும் வேலையை மேற்பார்க்கும் கங்காணி வழியாகவும் லயத்துக்கு வந்த காலத்தில், துரை உண்மையில் அப்படிச் சொன்னாரா என்று போய்க் கேட்க யாருக்கும் வழியில்லை. கங்காணியின் சொந்தக் கோபமும் துரையின் உத்தரவாகவே வந்து சேரலாம். மேலே இருப்பவரின் பெயரைக் கேட்டதும் அடங்கிப்போகும் அந்தப் பழக்கம் சபைக்குள்ளும் நம்மோடு வந்திருக்கிறது.

வேதாகமமோ கேட்கச் சொல்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில், திருமணம் குறித்துப் பேசும் பவுல், எது கர்த்தருடைய கட்டளை, எது தம்முடைய அபிப்பிராயம் என்று தனித்தனியாகச் சொல்கிறார். அப்போஸ்தலரே காட்டிய அந்த நேர்மையை நாம் ஏன் காட்டக்கூடாது? அதே நிருபத்தின் 14-ஆம் அதிகாரம், தீர்க்கதரிசனம் சொல்கிறவர் சொல்ல, மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்க வேண்டும் என்கிறது. தங்கள் இருதயத்தில் தோன்றியதைக் கர்த்தருடைய வார்த்தையாக அறிவித்தவர்களை எரேமியா 23-ஆம் அதிகாரம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை ஊழியர்கள் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்கலாம்.

கேள்வி கேட்பவரை அடக்க, "நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற 105-ஆம் சங்கீதத்தின் வசனத்தை எடுப்பவர்கள் உண்டு. அந்தச் சங்கீதம் பேசுவது, அந்நிய நாடுகளில் பரதேசிகளாக அலைந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி தேவன் காத்ததைப் பற்றி. அபிஷேகம் பெற்ற ராஜாவான தாவீதையே நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேராகக் கண்டித்தார். இதே நாத்தான், ஆலயம் கட்ட விரும்பிய தாவீதிடம் "கர்த்தர் உம்மோடே இருக்கிறார், செய்யும்" என்று முதலில் சொல்லிவிட்டு, அன்றிரவே கர்த்தருடைய வார்த்தை வேறாக வந்தபோது திரும்பிப் போய்த் திருத்திச் சொன்னதை 2 சாமுவேல் 7-இல் காண்கிறோம். தீர்க்கதரிசியே திருத்திக்கொண்டார் என்றால், ஒரு போதகர் "அன்று நான் சொன்னது என் யோசனைதான்" என்று சபையில் சொல்வதால் அவருடைய ஊழியம் தாழ்ந்துவிடாது.

திருமணத்தில் இந்த உரிமைகோரல் மிகவும் கொடியது. "ஆண்டவர் உன்னை எனக்கு மனைவியாகக் காண்பித்தார்" என்று வாலிபர் கூட்டத் தலைவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டிய பெண், மறுத்தால் சாபம் வருமோ என்றே முதலில் கேட்டாள். "அவருக்குக் காண்பித்தவர் உனக்கு இன்னும் சொல்லவில்லையே, அம்மா" என்றேன். ஆதியாகமம் 24-இல், இது கர்த்தரால் வந்த காரியம் என்று ரெபெக்காளின் வீட்டார் ஒப்புக்கொண்ட பிறகும், அவளை அழைத்து, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்டார்கள். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும், இருவரும் மனமுவந்து சம்மதிக்காமல் திருமணத்தை நடத்திவைக்கக்கூடாது என்கிறது.

பணம், திருமணம், சிகிச்சை ஆகியவற்றில் யாராவது தெய்வ வாக்கு என்று சொன்னால், அந்தக் கூட்டத்திலேயே ஆமென் சொல்லி முடிவெடுத்துவிட வேண்டாம். "நானும் ஜெபித்துவிட்டு, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று அவகாசம் கேளுங்கள். அவகாசம் தர மறுப்பவரின் அவசரத்தை நான் நம்புவதில்லை. சுகம் கிடைத்துவிட்டது என்று யார் சொன்னாலும், அரசாங்க கிளினிக்கில் இரத்தத்தைப் பரிசோதித்து மருத்துவர் சொல்லும்வரை இன்சுலினை நிறுத்தாதீர்கள். அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போவதே தேவசித்தம் என்று அனுப்பப்படும் பெண்கள், 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை பெறலாம். காவல் நிலையத்திலோ மாவட்டச் சமூகநல அலுவலகத்திலோ புகார் செய்யலாம். அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.