காரின் சஸ்பென்ஷனை மாற்றுமுன்: பதிவுச் சான்றிதழில் எது மாறும், எது மாறாது?

வாகனப் பதிவுச் சான்றிதழை ஒருமுறை விரித்துப் பாருங்கள். என்ஜின், செசி இலக்கங்களோடு நீளம், அகலம், உயரம், முன் ரயர் அளவு, பின் ரயர் அளவு எல்லாம் அதில் இருக்கும். சில்லுகளைத் தாங்கும் சஸ்பென்ஷனின் பாகங்களான ஷொக் அப்சோபருக்கும் ஸ்பிரிங்குக்கும் தனி வரி கிடையாது. ஆனால் கட்டையான ஸ்பிரிங் போட்டால் காரின் உயரம் குறையும், பெரிய ரிம் போட்டால் ரயர் அளவு மாறும். அதன்பின் வீதியில் ஓடும் காரும் பதிவில் உள்ள காரும் ஒத்துப்போகாது.

இந்தப் பதிவு இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருவது. பதிவில் உள்ள விவரத்தை மாற்றுகிற வேலையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அங்கீகாரம் தேவை. அதே அளவில், அதே பொருத்துமுறையில் புது ஷொக், புது புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர்), புது போல் ஜொயின்ட் (உருண்டை மூட்டு) போடுவது பழுதுபார்த்தல்தான். அதனால் பதிவில் எதுவும் மாறுவதில்லை. டொயோட்டா 86, மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. வளைவில் கார் பிடிமானமாக நிற்பதற்கான வேலையில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள்ளேயே முடிந்துவிடும்.

முதலில் தேய்ந்ததை மாற்றுங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட காரில், சில்லைக் காரின் உடலோடு இணைக்கும் கொன்ட்ரோல் ஆமின் புஷ் ரப்பர் பெரும்பாலும் வெடித்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது சில்லு பின்னுக்கு நகர்ந்து, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அந்த நிலையில் எவ்வளவு விலையான ஷொக் போட்டாலும் பயனில்லை. புஷ் மாற்றும்போது கராஜில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுண்டு: காரை ஜக்கில் தூக்கி, சில்லு தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவார்கள். காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகியே நிற்கும், சில மாதங்களில் கிழியும். சில்லுகளில் பாரம் இறங்கிய பிறகே, அந்த மொடலின் வேர்க்‌ஷொப் மனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும்.

அடுத்தது ஷொக். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மேலே உள்ள மவுண்டிங் ரப்பர், பெயாரிங், பம்ப் ஸ்டொப் ஆகியவற்றையும் அதோடு புதிதாகப் போட்டால் இரட்டைக் கூலி மிச்சம். பிறகு கட்டாயம் வீல் அலைன்மென்ட். வீதியில் ஓடும் காருக்கு முன் சில்லில் மைனஸ் 1 பாகை அளவு கேம்பர் (சில்லின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) போதும், டோ (முன்னிருந்து சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கட்டும். கேம்பரைக் கூட்டினால் ரயரின் உள்விளிம்பு தேயும். டோ பிழைத்தால் அதைவிட வேகமாகத் தேயும்.

இதற்குப் பிறகும் காரைத் தாழ்த்த விரும்பினால் 15 முதல் 25 மி.மீ வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மி.மீ தாழ்த்தினால், பள்ளத்தில் சில்லு மேலே போவதற்கு இருந்த இடத்தில் 25 மி.மீ குறைகிறது. எனவே ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமாகவும், ஷொக் அதற்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். டொயோட்டா 86இன் முன்பக்கம் போன்ற மெக்பர்சன் அமைப்பில் (மேலே ஷொக்கும் கீழே ஒரு கொன்ட்ரோல் ஆமும் சில்லைப் பிடிக்கும் அமைப்பு) அளவுக்கு மீறித் தாழ்த்தினால் கீழ்க் கொன்ட்ரோல் ஆம் மேல்நோக்கிச் சரிந்துவிடும். வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சுழற்சி மையம், காரின் பாரமையத்தைவிட வேகமாக இறங்குவதால், வளைவில் சாய்கின்ற போக்கு கூடும். பார்வைக்குத் தாழ்ந்த கார், ஓட்டத்தில் மோசமாகும்.

வளையம் வெட்டிய ஸ்பிரிங்கையும், காஸ் பிளேமில் சூடாக்கி இறக்கிய ஸ்பிரிங்கையும் ஒருபோதும் ஏற்காதீர்கள். வெட்டியது, சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் அமரும் தட்டிலிருந்து விலகும். சூடாக்கியதில் உருக்கின் பதம் போய்விடும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

உயரமோ ரயர் அளவோ மாறுமென்றால், பாகம் வாங்குமுன் கச்சேரி வளாகத்திலுள்ள திணைக்களத்தின் யாழ்ப்பாண மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். எந்த விண்ணப்பம், எங்கே பரிசோதனை என்பதை அங்கேயே தெளிவாக்கிக்கொள்ளலாம். பதிவுச் சான்றிதழின் பிரதி, அடையாள அட்டை, வாங்க நினைக்கும் பாகத்துக்கான தயாரிப்பாளரின் விவரத்தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சில ஸ்பிரிங்குகளோடு, வாகனப் பாகங்களைப் பரிசோதிக்கும் ஜேர்மனியின் டியூவ் அமைப்பின் சான்றிதழ் வரும். அது இலங்கை அங்கீகாரம் ஆகாது, ஆனாலும் பரிசோதகரிடம் காட்ட நல்ல ஆதாரம். புது ஸ்பிரிங் போட்ட பிறகும், இறுதி அங்கீகாரம் கிடைக்கும்வரை பழையதை விற்க வேண்டாம். மறுத்தால் திரும்பப் பூட்ட வேண்டியிருக்கும்.

“வருமான அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு வருடமும் கிடைக்கிறதே, பிறகென்ன?” என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்காகச் செய்யும் புகைப் பரிசோதனை, புகையை மட்டுமே அளக்கிறது. பஸ், லொறிக்குப் போலத் தனியார் காருக்கு வருடாந்தத் தகுதிச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆகவே சஸ்பென்ஷனை யாராவது உற்றுப் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்தான்: பொலிஸார் வாகனத்தைப் பரிசோதகரிடம் அனுப்பும்போது, அல்லது விபத்துக்குப் பிறகு. அந்த நேரத்தில் காகிதம் தேடிப் பயனில்லை.

காப்புறுதியும் அப்படித்தான். முழுக் காப்புறுதி எடுத்தவர்கள் மாற்றத்தை நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, ஏற்றுக்கொண்டதற்கான பதிலையும் எழுத்திலேயே வாங்க வேண்டும். முகவரிடம் தொலைபேசியில் சொன்னது, நட்டஈடு கேட்கும்போது நிற்காது.

வேலை முடிந்து கார் வெளியே வருமுன் சிலவற்றை நீங்களே பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகின்றனவா, ரயரில் உரசுகின்றனவா என்று கவனியுங்கள். முன்பக்கம் இறங்கினால் ஹெட்லைட் வெளிச்சமும் இறங்கும், அதைத் திருத்த வேண்டும். ஸ்டபிலிட்டி கொன்ட்ரோல் உள்ள காரில் அலைன்மென்டுக்குப் பிறகு ஸ்டியரிங் கோண சென்சரை ஸ்கேனரால் பூச்சியமாக்கச் சொல்லுங்கள். ஒரு 500 கி.மீ ஓடியதும் போல்ட்டுகளையும் அலைன்மென்டையும் மீண்டும் பார்க்க வேண்டும், புது ஸ்பிரிங் அதற்குள் சற்று அமர்ந்திருக்கும்.

கடலை ஒட்டிய பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பக்கத்தாலும் அடிக்கடி போய்வருபவர்கள் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாக உள்ள, உயரம் திருகி மாற்றும் கொயிலோவரின் மரையில் கடலுப்புப் படிந்தால் வளையம் இறுகிப்போய், பிறகு அசைக்கவே முடியாது. மரைக்குக் கிறீஸ் பூசி, மேலே ரப்பர் உறை போட்டுவிடுங்கள்.