மர ரோலர் கோஸ்டர் ஆடினால் பயப்படாதீர்கள்

கேளிக்கைப் பூங்காக்களில் ரோலர் கோஸ்டர்களைப் பரிசோதிப்பது என் வேலை. ஒரு நாள் மர ரோலர் கோஸ்டர் ஒன்றின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மகளைக் கையில் பிடித்தபடி வரிசைக்கு வந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார். ரயில் வளைவில் திரும்பியபோது மேலே இருந்த மரச்சட்டங்கள் எல்லாம் சேர்ந்து லேசாக அசைந்தன. "சார், இது ஆடுது பாருங்க. நாங்க அந்த இரும்புலயே ஏறிக்கிறோம்" என்று மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் எஃகு ரோலர் கோஸ்டரில் ஏறியதில் ஒரு தவறும் இல்லை. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தவறு.

மரக்கட்டுமானம் ஆட வேண்டும். ஆட்கள் நிரம்பிய ரயில் பல டன் எடை இருக்கும். அது வேகமாக வந்து வளைவில் மோதும் விசையை ஆயிரக்கணக்கான இணைப்புகள் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொள்கின்றன. அந்தப் பகிர்வைத்தான் நாம் அசைவாகப் பார்க்கிறோம். அசையவே விடாமல் இறுக்கிக் கட்டினால், ஏதோ ஒரு போல்ட்டின் மேல் மொத்தச் சுமையும் விழுந்து அந்த இடத்தில் மரம் பிளக்கும். ஆகவே அசைவை நினைத்து எனக்குக் கவலை இல்லை. நேற்றுவரை ஒரு மாதிரி அசைந்த இடம் இன்று வேறு மாதிரி அசைந்தால்தான் கவலை.

மர ரோலர் கோஸ்டர் எது, எஃகு எது என்பதிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. தாங்கி நிற்கும் தூண்களை வைத்து முடிவு செய்யக் கூடாது, தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1927 முதல் ஓடும் சைக்ளோனின் சட்டகம் எஃகு, தண்டவாளம் மரம். அதனால் அது மர ரோலர் கோஸ்டர். ஓஹையோ மாநிலத்தின் சீடர் பாயிண்ட் பூங்காவில் 1978-இல் வந்த ஜெமினி தூரத்தில் இருந்து பார்த்தால் மரக்காடு மாதிரி இருக்கும். ஆனால் ரயில் ஓடுவது எஃகுக் குழாயின் மேல்.

மரத் தண்டவாளம் என்றால் ஒற்றை உத்திரம் இல்லை. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கி, மேலே தட்டையான எஃகுப் பட்டை பதித்திருப்பார்கள். சக்கரம் அந்தப் பட்டையின் மேல்தான் உருளும். மேலே ஓடும் சக்கரம், பக்கவாட்டில் ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று என்று மூன்று வகைச் சக்கரங்கள் ரயிலைக் கவ்விப் பிடித்திருக்கும். அடிச்சக்கரத்துக்கு ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றார். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான். அதற்கு முன்னால் ரயிலைத் தண்டவாளத்தில் பிடித்து வைத்தது அதன் எடை மட்டுமே. பென்சில்வேனியாவின் ஆல்டூனாவில் 1902-இல் கட்டிய லீப் தி டிப்ஸ் என்ற மர ரோலர் கோஸ்டரில் அடிச்சக்கரமே கிடையாது, அதனால் வேகமும் மிகக் குறைவு.

எஃகுக் குழாய் தண்டவாளம் முதலில் வந்தது 1959-இல், டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் ரோலர் கோஸ்டரில். குழாயை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைக்கலாம், திருகலாம். 1975-இல் தலைகீழாகத் திருகிச் செல்லும் கார்க்ஸ்க்ரூ வந்தது, அடுத்த ஆண்டே ரயில் செங்குத்தாக ஒரு சுற்று சுற்றி வரும் வளையம் வந்தது. 1895-லேயே கோனி ஐலண்டில் வளையம் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். அது முழு வட்டமாக இருந்ததால் உள்ளே நுழைந்த கணத்திலேயே கழுத்தில் வெட்டி இழுத்தது. இன்றைய வளையங்கள் கண்ணீர்த்துளி வடிவில் இருப்பதற்கு அதுதான் காரணம். எஃகுத் தண்டவாளத்தில் பெரும்பாலும் பாலியூரிதேன் பூசிய சக்கரங்கள் ஓடுவதால் சத்தமும் உதறலும் குறைவு.

சரி, இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் என்ன? இரண்டும் பழுதாகும் விதம்தான்.

மரம் தன் பழுதைச் சொல்லிவிடும். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், நட்டு தளரும். அதனால்தான் தினமும் காலையில் பூங்கா திறப்பதற்கு முன்னால் ஒருவர் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தின் மேலேயே நடக்கிறார். நல்ல மரத்தில் தட்டினால் கணீரென்று கேட்கும், உள்ளே உளுத்திருந்தால் சத்தம் அமுங்கிவிடும். பட்டை தேய்ந்த இடம், எழும்பிய ஆணி, பலகைகளுக்கு இடையே புதிதாகத் தெரியும் இடைவெளி எல்லாமே கண்ணுக்குத் தெரியும். தெரிந்த இடத்தில் பலகையை மாற்றிவிடுவார்கள். பல பத்தாண்டுகள் ஓடிய மர ரோலர் கோஸ்டரில், முதலில் போட்ட பலகைகளில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும்.

எஃகு அப்படி இல்லை. வருடக்கணக்காக ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு முறை ரயில் கடக்கும்போதும் சுமை ஏறி இறங்கி உலோகம் களைக்கும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில், முடி அளவுக்குத் தொடங்கும். பெயிண்ட் அதை மூடி மறைத்துவிடும். அதனால் நாங்கள் சிவப்புச் சாயம் தடவித் துடைத்துப் பார்க்கிறோம், காந்தத் துகள் தூவிப் பார்க்கிறோம், மீயொலி செலுத்திப் பார்க்கிறோம். பெயிண்டில் கோடு போல் வழிந்த துருக்கறையைக் கண்டால் என் கை தானாக அங்கே நின்றுவிடும்.

2023 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கரோவிண்ட்ஸ் பூங்காவில், ஃபியூரி 325 என்ற எஃகு ரோலர் கோஸ்டரில் தண்டவாளத்தைத் தாங்கும் எஃகுத் தூண் ஒன்றில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு பார்வையாளர். ரயில் கடக்கும்போது தூண் விலகி அசைவதை அவர் வீடியோ எடுத்தார். உடனே ஓட்டத்தை நிறுத்தி, தூணை மாற்றி, ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அதில் ஏறிப் பயணித்தவர்களுக்கு ஓட்டம் எப்போதும்போல வழுக்கிக்கொண்டுதான் போயிருக்கும். வழவழப்பை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது.

மரம் என்றால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 2000-இல் சன் ஆஃப் பீஸ்ட் என்று சுமார் 66 மீட்டர் உயரத்தில் ஒரு மர ரோலர் கோஸ்டரைக் கட்டினார்கள். 2006-இல் அதன் கட்டுமானத்தில் மரம் சேதமாகி, தண்டவாளத்தில் பள்ளம் விழுந்து 27 பேர் காயமடைந்தார்கள். 2009-இல் மூடப்பட்டது, 2012-இல் இடித்துவிட்டார்கள். மரத்திடம் கேட்கக் கூடாத உயரத்தைக் கேட்டார்கள் என்பது என் கருத்து. இப்போது பழைய மரச்சட்டகத்தின் மேல் எஃகுத் தண்டவாளம் பொருத்தும் கலப்பு முறையும் வந்துவிட்டது. 1991-இல் கட்டிய மீன் ஸ்ட்ரீக் (Mean Streak) என்ற மர ரோலர் கோஸ்டர், 2018-இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆக மாறியது அப்படித்தான். அங்கே பரிசோதகருக்கு இரட்டை வேலை.

இனி உங்கள் உடம்பைப் பற்றி. எஃகில் வளையத்துக்குள் நுழையும்போது ஓரிரு நொடி உங்கள் எடை சில மடங்காகி அழுத்தும். தோள்பட்டைக் கம்பி இருந்தால் தலையைப் பின்னால் சாய்த்தே வையுங்கள், இல்லையென்றால் காது கம்பியில் மோதும். மரத்தில் அந்த நீண்ட அழுத்தம் குறைவு. அதற்குப் பதில் சின்னச் சின்ன அடிகள் வழி நெடுகிலும் விழும். பெட்டியில் சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள இருக்கையைத் தவிர்த்து நடு இருக்கையில் உட்காருங்கள், உதறல் குறையும். கழுத்துவலி, முதுகுத்தண்டுப் பிரச்சினை, இதயநோய், சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம், இவற்றில் எது இருந்தாலும் இரண்டிலும் ஏறாதீர்கள்.

மர ரோலர் கோஸ்டரின் சுகமே மேட்டின் உச்சியில் உடம்பு இருக்கையை விட்டு எழும்புவதுதான். அதனால் மடிக்கம்பி தொடையோடு ஒட்டி இருக்க வேண்டும். ஊழியர் கம்பியை அழுத்தும்போது வயிற்றை உப்பிக்கொண்டு, பிறகு இடம் கிடைக்கும் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கொஞ்ச இடத்தில்தான் உடம்பு நழுவும். கைப்பேசியையும் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த வேகத்தில் கை நழுவினால் பின்னால் இருப்பவரின் முகத்தில்தான் போய் விழும்.

ஏற்றத்தில் ரயில் பாதியில் நின்றால் பதற வேண்டாம். முன்னால் போன ரயில் அடுத்த பகுதியைக் காலி செய்யாவிட்டால் பின்னால் வருவதை அமைப்பு தானாக நிறுத்தும். ஏறும்போது கேட்கும் டக் டக் சத்தம் ரயில் பின்னால் உருளாமல் தடுக்கும் பல்லின் சத்தம். ஊழியர் வந்து அழைக்கும்வரை உட்கார்ந்தே இருங்கள்.

இறங்கிய பிறகு ஏதாவது உறுத்தினால் சொல்லிவிட்டுப் போங்கள், எந்தப் பெட்டி, எந்த வரிசை என்பதோடு. ஒருமுறை ஒரு சிறுவன் என்னிடம் வந்து, "அங்கிள், மூணாவது பெட்டியில மட்டும் கீழ ஏதோ தட்டிக்கிட்டே வருது" என்றான். அன்று இரவு கழற்றிப் பார்த்தோம். அடிச்சக்கரம் ஒன்றின் பேரிங் தேய்ந்திருந்தது. காலையில் புதுச் சக்கரத்தோடு ரயில் ஓடியது.