எல்.இ.டி. திரை மாட்டியாச்சு, திங்கட்கிழமைக்கு என்ன வழி?

கமிட்டித் தேர்தல் முடிந்து புதியவர்கள் பொறுப்பேற்றதும் முதல் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் இதைக் கேட்பார். "ஐயா, நம்ம கோயில் பழைய மாதிரியே போய்க்கிட்டு இருக்கு, வாலிபப் பிள்ளைங்க எல்லாம் டவுன்ல இருக்கிற புதுச் சபைக்குப் போறாங்க, ஏதாவது புதுசா செய்யணும்." அப்புறம் பட்டியல் வரும். எல்.இ.டி. திரை, டிரம்ஸ் பேட், யூடியூப் நேரலை, மேடைக்குப் பின்னால் ஊதா விளக்கு. நான் தென் மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் சேகரகுருவாக, அதாவது சில ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்துக்குப் போதகராக இருப்பவன்; ஜனங்கள் 'ஐயர்' என்று கூப்பிடுவார்கள். எந்தச் சேகரத்துக்கு மாறிப் போனாலும் இந்தப் பட்டியல் எனக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

இவற்றில் எதற்கும் நான் எதிரி இல்லை. திரையில் பெரிய எழுத்தில் பாட்டு வந்த பிறகுதான், கண்ணாடி போட்டும் புத்தகத்து எழுத்து தெரியாத பாட்டிமார் மறுபடி வாய்விட்டுப் பாடுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவர்களுக்கு நேரலை பெரிய ஆறுதல். ஆனால் இதெல்லாம் வந்து ஆறு மாதம் கழித்துப் பாருங்கள், வாலிபர் உட்காரும் பெஞ்சு முன்போலவேதான் இருக்கும். ஒருவர் சபையைவிட்டு மெல்லக் கழன்று போவது எப்போது என்றால், ஞாயிறு காலையில் இங்கே கேட்கிற எதுவும் தன்னுடைய மற்ற ஆறு நாட்களைத் தொடவே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்ட பிறகுதான். அப்படிப் போனவருக்கு டிரம்ஸ் சத்தம் கேட்காது.

திருநெல்வேலிச் சபைக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அது பிறந்ததே அப்படித்தான். 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முதலூர் என்ற கிராமத்தை உருவாக்கியது, விசுவாசத்துக்கு வந்த காரணத்தால் அடிபட்டவர்கள் ஒதுங்க ஓர் இடம் வேண்டுமே என்பதற்காக. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், பத்து வருடம் கழித்து 1830-ல் தர்ம சங்கம் ஆரம்பித்தார். குடியிருந்த இடத்தைவிட்டு விரட்டப்பட்டவனுக்கு வீடு கட்ட மனை வேண்டும், மனை வாங்கப் பணம் வேண்டும், அதைச் சபையார் சேர்ந்து போட வேண்டும், அவ்வளவுதான் அதன் கணக்கு. இன்னொரு மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 1876-ல் நம் பக்கத்து நாசரேத் ஊருக்கு வந்தபோது தாது வருடப் பஞ்சம் தொடங்கிவிட்டது. அவருடைய ஊழியம் மருந்து, அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி, கைத்தொழில் சொல்லித்தரப் பள்ளி என்றுதான் விரிந்தது. இவர்களுக்கெல்லாம் நூற்றாண்டு விழா மலர் போடுகிறோம், கல்லறைக்கு மாலை போடுகிறோம். அவர்கள் அன்றைக்குத் தெருவில் நின்று கேட்ட கேள்வியை, அதாவது இந்த வாரம் இந்த ஜனங்களுக்கு என்ன கஷ்டம் என்பதை, நாம் கேட்பதுதான் குறைந்துவிட்டது.

இன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால் முதலில் வரும் பதில் கடன். எங்கள் பக்கத்துக் கிராமச் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருப்பவர்களில் பலர் மைக்ரோ பைனான்ஸ் நிறுவனத்தில் குழுக் கடன் வாங்கியிருப்பார்கள். ஒரே தெரு, ஒரே சங்கம், ஒரே கடன் குழு. ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கட்டியவளுக்கும் கட்டாதவளுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். இது ஆலயத்துக்குள் எப்படித் தெரியும் தெரியுமா? நம் திருவிருந்து (நற்கருணை) ஒழுங்கில் சமாதானம் சொல்லிக் கையைப் பிடித்து அடுத்தவருக்குக் கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே தெரியும். ஒரு பெஞ்சில் வந்துகொண்டிருந்த சமாதானம் நடுவில் நின்று, பின்வரிசை வழியாகச் சுற்றிப் போகும். பீடத்திலிருந்து பார்த்தால் எந்தத் தெருவில் எந்தக் குழு உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எபேசியர் நிருபத்தில் வரும் சர்வாயுதவர்க்கம், அதாவது விசுவாசியின் ஆவிக்குரிய போர்க்கவசம் பற்றி மூன்று குறிப்புகள் சொல்லிவிட்டு இறங்கினால் யார் என்னைக் கேட்பார்கள்?

வேதத்தில் இதற்கு வசனம் இல்லாமல் இல்லை. இராஜாக்கள் இரண்டாம் புத்தகம் நாலாம் அதிகாரத்து விதவையின் கதையை அபிஷேக எண்ணெய் பற்றிய பிரசங்கமாகத்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்போம். கதையைத் திறந்து படியுங்கள். ஊழியக்காரன் ஒருவன் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறான், கடன்காரன் பிள்ளைகள் இரண்டு பேரையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். எலிசா தீர்க்கதரிசி அந்த விதவையிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கிறார், அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரம் இரவல் வாங்கச் சொல்கிறார், கடைசியில் எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீதியில் பிழைத்துக்கொள் என்று முடிக்கிறார். முழுக்க முழுக்கக் கடன் கதை. அதிலும் அக்கம்பக்கத்தார் பாத்திரம் கொடுத்தால்தான் எண்ணெய் ஊற்ற இடம் உண்டு.

இதைப் பிரசங்கித்த வாரத்தில் கூடவே சில தகவல்களையும் அறிவிப்பு நேரத்தில் சொல்லலாம். மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடுவது, கடன் வாங்கியவரின் உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது எல்லாம் அதே விதிகளில் தவறான வசூல் முறை என்று எழுதியே இருக்கிறது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், 30 நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. புகார் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க சபையிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி.

கந்துவட்டி வேறு கதை. 2003-லேயே தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தில், வயலையும் வீட்டையும் அடகு வைத்த ஜனங்களின் கூக்குரலைக் கேட்ட அதிபதி, வட்டி வாங்கிய பெரிய மனுஷர்களை நேருக்கு நேர் கடிந்துகொண்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். இந்த அதிகாரத்தில் ஏன் அதிகம் பிரசங்கம் கேட்பதில்லை என்று யோசித்தால் காரணம் சுலபம். வட்டிக்கு விடுகிறவர் சில ஊர்களில் கமிட்டியிலேயே இருப்பார், ஆலயத்துக்கு மின்விசிறியும் வாங்கிக் கொடுத்திருப்பார். மின்விசிறியில் பெயர் எழுதியிருக்கும்.

சரி, இதெல்லாம் சேகரகுருவுக்கு எப்படித் தெரியவரும்? வீடு சந்திப்பில்தான். வீடு சந்திப்பு என்று நாம் இப்போது செய்வது பெரும்பாலும் ஒரு பாட்டுச் சரணம், ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், ஒரு காபி, காணிக்கைக் கவர், அடுத்த வீடு. பீடி சுற்றும் வீட்டுக்குப் போனால் ஐயரைப் பார்த்ததும் அந்த அம்மா பதறிப்போய் மடியிலிருக்கிற தட்டை இறக்கி வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பார்கள். "நீங்க சுத்துங்கம்மா, நான் இப்படியே உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இலையைக் கத்தரிக்கிற கை நிற்காமல் ஓடும், கண் தட்டில் இருக்கும், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால் பேச்சு தானாக வரும். மகன் துபாயிலிருந்து பேசி எத்தனை மாதமாச்சு, மருமகள் ஏன் தாய்வீட்டுக்குப் போனாள், வீட்டுக்காரர் குடிக்கக் காசு கேட்டு என்ன செய்தார் எல்லாம் அந்தத் தட்டுக்கு மேலேதான் வந்து விழும். ஜெபம் கடைசியில் செய்யலாம், அப்போதுதான் எதற்காக ஜெபிக்கிறோம் என்பதும் தெரியும்.

ஒன்று மட்டும் கவனம். அங்கே கேட்டதை ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் போடக் கூடாது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நம் சபைகளில் நடக்கும் ஊர்வம்பு கொஞ்சநஞ்சமல்ல. சம்பந்தப்பட்டவரிடம் "சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறேன். ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் முகாம் என்று மற்றவர்கள் பிள்ளைகளை நம்பி நம் கையில் விடும் இடங்கள் சபையில் நிறைய. பிள்ளையிடம் ஒருவர் தவறாக நடந்தார் என்று தெரிந்தால் இன்றும் பல இடங்களில் முதல் வார்த்தை, "சபை பேரு கெட்டுரும், நமக்குள்ள பேசி முடிச்சிருவோம்." பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த யாராக இருந்தாலும் போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது, அதில் போதகருக்கு விலக்கு எதுவும் இல்லை. தெரிந்தும் சொல்லாவிட்டால் 21-ம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தில் புகார் சொன்னவர்மேல் வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்வதல்ல, பெற்றோரின் நம்பிக்கைக்காகவும் சில வழக்கங்களை ஏற்படுத்திவிடலாம். எந்த வகுப்பிலும் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது, இரண்டு பேர் வேண்டும். கதவு திறந்தே இருக்கட்டும். பாட்டுப் பயிற்சி முடிந்து ஒரே ஒரு பிள்ளையைப் பைக்கில் ஏற்றி வீட்டில் விடுகிற பழக்கம் எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும் வேண்டாம். முகாமுக்குப் போனால் யார் எந்த அறையில் என்று எழுத்தில் இருக்க வேண்டும். "எங்க சபையில அப்படி யாரும் இல்ல ஐயா" என்று எல்லாச் சபையிலும் சொல்கிறார்கள்.

குடியும் மனச்சோர்வும் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. குடிக்கிறவரைப் பிசாசு பிடித்தவர் என்று மேடையிலிருந்து திட்டினால் அவர் வாசல்படி மிதிக்க மாட்டார், அவர் மனைவியும் வெட்கப்பட்டு வராமல் நின்றுவிடுவார். ஆலய ஹால் வாரத்தில் பெரும்பாலான மாலைகளில் பூட்டித்தானே கிடக்கிறது, குடியை விட முயல்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்கு ஒரு மாலை திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? மனச்சோர்வு என்றால் விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் 88-ம் சங்கீதத்தை ஒருமுறை படிக்கட்டும், அது ஆறுதலில் முடியவில்லை, இருளிலேயே முடிகிறது, அதையும் சேர்த்துத்தான் பரிசுத்த வேதம் என்கிறோம். அறிவிப்புப் பலகையில் அசன (சபை விருந்து) தேதிக்குப் பக்கத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 என்று எழுதிப்போட ஒரு சாக்பீஸ் போதும். மாத்திரையும் சாப்பிடலாம், ஜெபமும் பண்ணலாம், ஒன்றுக்கொன்று சண்டை இல்லை.

வாலிபப் பிள்ளைகள் விஷயத்துக்குத் திரும்பினால், அவர்களிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்ட வரையில் பாட்டு ஸ்டைல் பெரிய குறை இல்லை. கீர்த்தனையைக் கூட இயர்போனில் கேட்கிறார்கள். "நாங்க கேக்கிற கேள்விக்கு இங்க இடம் இல்ல" என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. சாதி பார்த்துத்தான் பெண் கொடுப்போம் என்கிற சபையார் எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்கிற கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தை எப்படி வாசிக்கிறார்கள், நீட் எழுதித் தோற்றவனைச் சாட்சி சொல்லக் கூப்பிடாமல் பாஸானவனை மட்டும் ஏன் கூப்பிடுகிறீர்கள், ஆலயக் கணக்கை ஏன் எங்களுக்குக் காட்டுவதில்லை. கேள்வி காரசாரமாகத்தான் இருக்கும். வாலிபர் கூட்டத்தில் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்து மீதி நேரத்தைக் கேள்விக்கு விட்டால் சேகரகுருவுக்கு வியர்க்கும், பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்ல வேண்டிவரும். ஆனால் அடுத்த வாரம் அவர்கள் வருவார்கள். பிரசங்கம் தயாரிக்கும்போதும் சனிக்கிழமை ராத்திரி விளக்கவுரையோடு தனியாக உட்காருவதற்குப் பதிலாக, வாரத் தொடக்கத்திலேயே வரப்போகிற வேதபகுதியை ஒரு ஆட்டோ டிரைவர், ஒரு நர்ஸ், ஒரு பிளஸ் டூ மாணவி என்று மூன்று பேரிடம் வாசித்துக்காட்டி "இதுல என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டு எழுதலாம். விளக்கவுரையில் இல்லாதது வரும்.

கடைசியாகக் காசு விஷயம். நம் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவருகிறார்களே, கைப்பிடி அரிசி, இந்த மண்ணில் ஊழியத்தை நடத்தியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த முருங்கைக்காய்க் கட்டும் சேவலும் ஏலம் போகிற காட்சியும் அப்படித்தான். இந்தப் பணம் பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல், அதில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வட்டியில்லாமல் கொடுத்து வாங்கும் கைமாற்று நிதியாகச் சபை வைத்துக்கொள்ளலாம். சிறிய தொகைதான், ஆனால் தவணை கட்டாமல் தவிக்கிறவள் தண்டல்காரரிடம் ஓடுவதற்கு முன்னால் போக வேறோர் இடம் இருக்கும். யாருக்குக் கொடுத்தோம் என்பதை மூன்று பேருக்கு மேல் தெரியாமலும், மொத்தம் எவ்வளவு கொடுத்தோம் என்பதைச் சபை முழுக்கத் தெரியும்படியும் வைக்க வேண்டும். இதைக் கையாளக் கமிட்டியில் ஆள் தேடுவதைவிடப் பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் விடுவது நல்லது, தெருவில் யார் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியே சங்கக் கூட்டத்தின் நேரத்தையும் அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். பீடிக் கடையில் கட்டு ஒப்படைக்கிற நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று ஐயரம்மாவை, அதாவது போதகரின் மனைவியை, குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.