"எரிஞ்சிருந்தா எடுத்திருப்பேனே"

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் கிளினிக்கில் மூட்டு வலிக்காரர்கள் கூடிவிடுவார்கள். விடிய விடிய ஈரத்தில் நின்று வலை இழுத்த உடம்புகள். போன மார்கழியில் மண்டபம் பக்கத்திலிருந்து ஐம்பது வயதைக் கடந்த மீனவர் ஒருவர் மனைவியோடு வந்தார். கைலியைத் தூக்கிக் காட்டினார். வலது கணுக்காலைச் சுற்றி நீர் கோத்த கொப்புளங்கள், ஒன்று உடைந்து சதை தெரிந்தது. வெந்நீர் பட்டதா, பைக் சைலன்சர் சுட்டதா என்று கேட்டேன். இரண்டும் இல்லை. அந்தம்மாதான் தயங்கிச் சொன்னார்: "கடுகும் முருங்கைப்பட்டையும் அரைச்சுப் பத்துப் போட்டு, துணி சுத்திக் கட்டிவிட்டேன் டாக்டரம்மா. ராத்திரி முழுக்க இருந்துச்சு."

அதற்கு அந்த மீனவர் சொன்னதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. "எரியவே இல்லையே. எரிஞ்சிருந்தா எடுத்திருப்பேனே."

பத்து வருடமாகச் சர்க்கரை நோய் அவருக்கு.

கடுகின் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் அப்பத்தா மண்சட்டியில் சீலா மீன் குழம்பு தாளிக்கும்போது, நல்லெண்ணெயில் கடுகு வெடித்து அடங்கிய பிறகுதான் வெந்தயத்தைப் போடுவார். அந்த வாசனைதான் எனக்கு வீடு. அதே அப்பத்தா, மாங்காய் ஊறுகாய்க்குக் கடுகு அரைக்கும் நாளில் பிள்ளைகளை அம்மிப் பக்கமே விடமாட்டார். மீறிப் போனால் மூக்கில் ஏறும், கண் கலங்கும். தாளித்த கடுகு சாதுவாக இருக்க, அரைத்த கடுகு ஏன் இப்படி என்பது மருத்துவம் படிக்கப் போனபோதுதான் புரிந்தது.

முழுக் கடுகில் காரம் கிடையாது. சினிக்ரின் என்ற பொருளும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதியும் விதைக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கித் தண்ணீர் சேர்த்தால் இரண்டும் கலந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற எரி எண்ணெய் உண்டாகிறது. கொதிக்கும் எண்ணெயில் அந்த நொதி செத்துவிடுவதால் தாளிப்பில் அது உருவாவதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாயின் காரம் பெரும்பாலும் எரிச்சல் உணர்வோடு நின்றுவிடும். கடுகின் காரம் அப்படியில்லை, தோலையே புண்ணாக்கும். துணி கட்டி மூடினால் ஆவி வெளியேற வழியில்லாமல் இன்னும் ஆழமாக இறங்கும்.

நல்ல உணர்ச்சியுள்ள கால் என்றால் சிறிது நேரத்திலேயே எரிந்து, உதறி எடுத்திருப்பார். சர்க்கரை நோய் பாத நரம்புகளை மெல்ல மெல்ல மரக்கச் செய்கிறது. காவல்காரன் தூங்கிவிட்ட வீடு அது. ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் காலில் கடுகுப் பற்று வேண்டவே வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சளிக்கென்று குழந்தையின் நெஞ்சில் பூசுவதும் கூடாது, பிஞ்சுத் தோல் தாங்காது. ஏற்கெனவே போட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மஞ்சள், பேஸ்ட், பேனா மை எதுவும் தடவாதீர்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள், போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விடுவதால்தான் எங்களுக்கும் வைத்தியம் தாமதமாகிறது.

திருஷ்டி கழிக்கக் கடுகு, உப்பு, மிளகாய் சுற்றிப் போடும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. இளைப்பு உள்ள பிள்ளை இருந்தால் நெருப்பில் போடுவதை வாசலுக்கு வெளியே, பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுச் செய்யுங்கள். அந்தப் புகையால் மூச்சு முட்டி வந்த பிள்ளைகளுக்கு நெபுலைசர் வைத்திருக்கிறேன்.

உதிரியாகக் கடுகு வாங்குபவர்கள் ஒரு பிடியைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். நம் தரிசுகளில் மஞ்சள் பூவோடு முள்ளாக நிற்கும் பிரம்மத்தண்டின் விதையும் கடுகு மாதிரியே இருக்கும். கடுகு வழவழப்பாக, நசுக்கினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். பிரம்மத்தண்டு விதை சொரசொரப்பாக, உள்ளே வெள்ளையாக இருக்கும். 1998-இல் டெல்லியில் இந்த விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டுக் கால் வீங்கி, மூச்சுத் திணறி, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். நாம் நல்லெண்ணெய்க்காரர்கள் என்பதால் அந்த அளவு ஆபத்து இங்கே குறைவு. ஆனாலும் புடைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அந்த மீனவருக்குப் புண் ஆற ஆறு வாரம் பிடித்தது. அத்தனை நாளும் படகு அவரில்லாமல்தான் போனது. முதல் நாள், கண்ணை மூடச் சொல்லிப் பாத உணர்ச்சியைச் சோதித்தேன். அதற்கான கருவி ஒரு நைலான் இழைதான், அவர் வலையில் இருக்கும் தங்கூசி மாதிரியே. பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும், தொட்டதும் அவர் சொல்ல வேண்டும்.

"எப்ப டாக்டரம்மா தொடுவீங்க?" என்றார்.

நான் ஆறாவது இடத்துக்கு வந்திருந்தேன்.