“ஏனுங் சிஸ்டர், ஒரு ஊசி போட்டு உடுங்”

கொங்கு நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் காலை நேரத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. சொல்பவர் திருப்பூர் பனியன் கம்பெனி டெய்லராக இருக்கலாம். பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டுபவராகவும் இருக்கலாம். ஆறு மாத இடுப்பு வலி. ஊசி போட்டால் இரண்டு நாள் தேவலை, அப்புறம் பழையபடி.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட வலி. அதன் போக்கே வேறு. தோட்டத்துச் சாளையில் ஒருமுறை திருடன் வந்து போனபின் நாய் எப்படி இருக்கும்? தென்னை மட்டை விழுந்தாலும் குரைக்கும். தண்டுவட நரம்புகளும் அப்படித்தான். புண் ஆறிய பிறகும் சின்னத் தூண்டலுக்கெல்லாம் பெரிய எச்சரிக்கை அனுப்பப் பழகிவிடுகின்றன. 1983-ல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் வூல்ஃப் இதை எலிகளில் காட்டினார். வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி அடிபட்ட இடத்து வீக்கத்தைக் குறைக்கும். பழகிப்போன நாயை அதனால் அடக்க முடியாது. மாதக்கணக்கில் எடுத்தால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கேடும் வரலாம்.

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் மேற்படிப்பு முடித்து, மருந்து எழுதும் உரிமையும் பெற்ற செவிலியர்கள். அங்கே ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மாத்திரைப் பழக்கம் பெரும் சிக்கலானதும், நாள்பட்ட வலிக்கு மருந்தில்லா வழிகளுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொன்னது 2016-ல் வந்த அரசு வழிகாட்டுதல். நம் ஊர்ச் சிக்கல் ஓபியாய்டு அல்ல, ஊசி. ஆனால் மருந்தை மட்டும் நம்பாமல் வலியைக் கையாள்வதை அங்குள்ள செவிலியரைப் போலவே நம் செவிலியரும் கற்க வேண்டும்.

முதல் பாடம், எதைத் தொடக்கூடாது என்பது. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, காலில் பலவீனம், சிறுநீர் கட்டுப்படாமை, முன்பு புற்றுநோய் இருந்தது என்று ஏதாவது இருந்தால் நேராக மருத்துவரிடம்.

அடுத்தது ஒத்தடம். கட்டில் காலில் முழங்கால் இடித்தால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது அல்லவா? தொடுதல் சேதி தண்டுவடத்துக்குள் போகும்போது வலிச் சேதிக்கான கதவு கொஞ்சம் சாத்திக்கொள்கிறது. 1965-ல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் சொன்ன ‘வாயில் கட்டுப்பாடு’ இதுதான். நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன, அடிப்படை நிற்கிறது. மூளையிலிருந்தும் அந்தக் கதவைச் சாத்தலாம். 1978-ல் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. போலி மருந்தாலேயே சிலருக்கு வலி குறைந்தது. உடலின் சொந்த வலிநிவாரணியைத் தடுக்கும் நலோக்சோன் கொடுத்ததும் அவர்களுக்கு வலி கூடியது. நம்பிக்கைக்கு ரசாயனம் உண்டு என்பது அப்போது தெரிந்தது. அதனால்தான் “எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல, போங்க” என்பதை நான் மோசமான மருத்துவம் என்பேன். நடிக்கிறாய் என்று சொன்னதாகத்தான் வலியோடு வந்தவருக்குக் கேட்கும்.

இதையெல்லாம் வகுப்பில் கேட்டால் மட்டும் போதாது, நடித்துப் பார்க்க வேண்டும். ஒரு செவிலியர் ஓவர்லாக் டெய்லராகிறார், இன்னொருவர் கேட்கிறார்.

“எவ்வளவு நேரம் உக்காந்தா கடுக்குதுங்க்கா?”

“முக்கா மணி நேரங்கண்ணு. ஒன்றரை ஷிப்டு முடிச்சா நிமிர முடியறதில்ல. ஞாயித்துக்கெழம வாரத் துணி பூராவும் தொவைப்பனா, திங்கக்கெழம படுத்த படுக்கைதான்.”

ஒரேயடியாகச் செய்வது, அப்புறம் முடங்குவது என்ற இந்தச் சுழல்தான் நாயை விழிப்பாகவே வைத்திருக்கிறது. வலி வந்த பிறகு எழுந்தால் தாமதம். முக்கால் மணியில் வலி என்றால் அரை மணியிலேயே எழ வேண்டும். கடிகாரம் பார்க்க நேரமேது? அதனால் தைக்கக் கொடுக்கும் துணிக்கட்டு, அதாவது பண்டல்தான் கணக்கு: அரை மணிக்குள் எத்தனை பண்டல் முடியுமோ அத்தனை முடிந்ததும் எழுந்து இருபது எட்டு நடை. துணி புதனில் பாதி, ஞாயிறில் பாதி. வாரா வாரம் நடையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

கடைசியில் நோயாளியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. நடித்தவர் சொல்கிறார்: “அப்ப என்ற இடுப்பு ஒடஞ்சு போகலீங், நாய்தான் சும்மா கொலைக்குதுங். சரி, ஊசி?”

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். மறுபடி முதலிலிருந்து நடிக்கச் சொல்ல வேண்டியதுதான்.