அறுபது மூலக்கூறில் விழித்துக்கொள்ளும் பாக்டீரியா

காயத்தின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும்போது பொங்கி வரும் நுரை, கிருமிகள் சாவதன் அடையாளமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பலரும் அப்படித்தான் நம்புகிறோம். நுரை மிகுந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று ஆறுதலும் கொள்கிறோம். உண்மை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. அந்த நுரை, கேட்டலேஸ் என்னும் நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் எழும் ஆக்சிஜன் வாயு. நாம் ஊற்றிய மருந்து அழிந்துகொண்டிருப்பதைத்தான் அது காட்டுகிறது. கேட்டலேஸில் பெரும்பகுதி நம் இரத்தத்திலிருந்தும் சிதைந்த திசுவிலிருந்தும் வருகிறது என்றாலும், பாக்டீரியாக்கள் பலவற்றிடமும் அதே வகை நொதி உண்டு. அவை ஏன் அதை வைத்திருக்கின்றன, எப்போது அதை மிகுதியாகச் செய்துகொள்ள வேண்டும் என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் சுவையான பகுதி.

ஆக்சிஜன் மூலக்கூறில் இணை சேராத எலக்ட்ரான்கள் இரண்டு இருப்பதால், அது பிறவற்றிடமிருந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பெறும் இயல்புடையது. ஒன்றைப் பெற்றால் சூப்பர் ஆக்சைடு, இரண்டைப் பெற்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு, மூன்றைப் பெற்றால் ஹைட்ராக்சில் தனியுறுப்பு (இணை சேராத எலக்ட்ரானோடு எதனுடனும் வினைபுரியத் துடிக்கும் துணுக்கு), நான்கையும் பெற்றுவிட்டால் தீங்கற்ற தண்ணீர். சுவாசத்தின் முறையான பாதை நான்காவது படியில் சென்று முடிகிறது. ஆனால் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் நொதிகள் சிலவற்றின் மேல் ஆக்சிஜன் தற்செயலாக மோதி, ஒன்றையோ இரண்டையோ பறித்துக்கொண்டு இடைவழியில் நின்றுவிடுகிறது. காற்றில் வாழும் எந்த உயிரணுவும் இந்தக் கசிவை முழுமையாக அடைத்ததில்லை.

பெராக்சைடு இரும்பைச் சந்திக்கும் இடத்தில்தான் பேராபத்து பிறக்கிறது. 1894இல் ஹென்றி ஃபென்டன் டார்டாரிக் அமிலத்தை வைத்து ஆராய்ந்த வினை இங்கும் நிகழ்கிறது: ஃபெர்ரஸ் நிலையில், அதாவது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் உள்ள இரும்பு பெராக்சைடைப் பிளந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்குகிறது. அது பிறந்த இடத்திலேயே, அருகில் இருப்பது டி.என்.ஏ.வோ புரதமோ என்று பாராமல் வினைபுரிந்து முடித்துவிடும். எந்த நொதியாலும் அதை வழிமறிக்க முடியாது; நொதி வந்து சேர்வதற்குள் சேதம் நடந்திருக்கும். எனவே பாக்டீரியா செய்யக்கூடியது அது பிறக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றே. அதற்குப் பெராக்சைடு ஏறத் தொடங்கும்போதே, இன்னும் தீங்கு செய்யாத அளவிலேயே, அதை அறிந்தாக வேண்டும்.

எவ்வளவு சிறிய அளவு அது என்பதை எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. ஈ.கோலை பாக்டீரியா ஒன்றின் கொள்ளளவு, ஒரு மில்லிலிட்டரை ஒரு லட்சம் கோடிப் பங்குகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. நன்கு காற்றோட்டமுள்ள சூழலில் வளரும்போது அதற்குள் நொடிக்குப் பல ஆயிரம் பெராக்சைடு மூலக்கூறுகள் உண்டாகின்றன. ஆயினும் அவை உடனுக்குடன் அகற்றப்படுவதால், எந்த நொடியில் எண்ணினாலும் இருப்பில் சில பத்து மூலக்கூறுகள்தாம் இருக்கும். செறிவு 0.1 மைக்ரோமோலாரை எட்டும்போது எச்சரிக்கை எழுகிறது. கணக்கிட்டால் அது ஓர் உயிரணுவுக்குச் சுமார் 60 மூலக்கூறுகள். நாம் காயத்தில் ஊற்றும் 3 சதவீதக் கரைசலோ இந்த எச்சரிக்கை அளவைப் போல ஏறத்தாழ 90 லட்சம் மடங்கு செறிவுடையது.

இந்த அறுபதை உணர்வது ஆக்சி-ஆர் என்ற புரதம். அதற்குரிய மரபணு 1985இல் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவில் அடையாளம் காணப்பட்டது. கொல்லாத அளவு பெராக்சைடை முதலில் கொடுத்துப் பழக்கினால், பின்னர் கொல்லும் அளவையும் அந்தப் பாக்டீரியா தாங்கிக்கொண்டது. பழகும்போது அது 30 புரதங்களைக் கூடுதலாகச் செய்தது. அவற்றில் ஒன்பது இந்த ஒரே மரபணுவின் ஆளுகையில் இருந்தன. ஆக்சி-ஆர் எப்படி இதைச் செய்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

புரதச் சங்கிலியின் 199ஆவது இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதன் நுனியில் ஒரு கந்தக அணு. சாதாரணச் சிஸ்டீன்கள் பெராக்சைடுடன் மிக மந்தமாகவே வினைபுரியும். ஆனால் ஆக்சி-ஆர் தன் 199ஆவது சிஸ்டீனைச் சுற்றி அமைத்திருக்கும் சிறு குழி, அந்த வினையைப் பல ஆயிரம் மடங்கு விரைவாக்குகிறது. பெராக்சைடு வந்து அந்தக் கந்தகத்தின் மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றிவிட்டுத் தண்ணீராக விலகுகிறது. ஆக்சிஜன் ஏறிய கந்தகத்துக்குப் பழைய குழியில் இடம் போதவில்லை. அது வெளியே புரள்கிறது. 208ஆவது இடத்தில் இன்னொரு சிஸ்டீன் காத்திருக்கிறது. ஓய்வு நிலையில் இவ்விரண்டுக்கும் இடையே 1.7 நானோமீட்டர் தூரம். இரு கந்தக அணுக்கள் பிணைந்து நிற்க வேண்டிய தூரமோ வெறும் 0.2 நானோமீட்டர். இவ்வளவு விலகி இருக்கும் இரண்டும் கைகோத்து டைசல்பைடு பிணைப்பை உண்டாக்க வேண்டுமானால், இடையிலுள்ள சங்கிலி முழுவதும் மடங்கித் திருகியாக வேண்டும். அந்தத் திருகல்தான் செய்தி. நான்கு நான்காகச் சேர்ந்து டி.என்.ஏ.வைப் பற்றியிருக்கும் ஆக்சி-ஆர், உருமாறியதும் தன் பிடியின் இடங்களை மாற்றிக்கொண்டு, மரபணுக்களைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியை உரிய மரபணுக்களின் வாசலுக்கு வரவழைக்கிறது. விரலை வைத்துச் சூடு பார்ப்பது போல, பாக்டீரியா தன் புரதங்களில் ஒன்றைப் பெராக்சைடு தீண்டும்படி விட்டு ஆபத்தை அளக்கிறது.

அவ்வாறு விழிக்கும் மரபணுக்களில் கேட்டலேஸ் ஒன்று. குறைந்த அளவுப் பெராக்சைடைத் துப்புரவு செய்யும் பெராக்சிடேஸ் மற்றொன்று. இவை எதிர்பார்க்கத்தக்கவைதாம். என் மனம் நிற்பது டி.பி.எஸ். என்ற புரதத்திடம். பன்னிரண்டு அலகுகள் சேர்ந்து உள்ளே வெற்றிடமுள்ள உருண்டையாகும் அது, உயிரணுவில் தனித்துத் திரியும் இரும்பைப் பிடித்து, நூற்றுக்கணக்கான அணுக்களைத் தனக்குள் அடைத்துவைக்கிறது. அடைப்பதற்கு இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும். அதற்கு அது பயன்படுத்துவது பெராக்சைடையே. ஃபென்டன் வினைக்கு வேண்டிய இரு பொருள்களையும் ஒன்றைக் கொண்டு ஒன்றாகத் தீர்த்துவிடுகிறது. இதே வேளையில் மாங்கனீசை உள்ளே கொண்டுவரும் வாயிலும் திறக்கிறது. இரும்பு அமர்ந்து வேலை செய்யும் நொதிகள் சிலவற்றில், பெராக்சைடைப் பிளக்காத மாங்கனீசு அந்த இருக்கையில் அமர்ந்துகொள்கிறது.

சூப்பர் ஆக்சைடை அகற்றும் நொதியின் வரலாற்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். 1938இல் மாட்டு இரத்தத்திலிருந்து செம்பு கொண்ட நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதன் பணி என்னவென்று தெரியவில்லை. 1969இல்தான் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் அது சூப்பர் ஆக்சைடை அகற்றும் நொதி என்று காட்டினர். பயன் தெரியாத ஒரு புரதத்தைப் பிரித்து விவரித்துவைக்க அன்று நிதி மறுக்கப்பட்டிருந்தால் இத்துறையின் தொடக்கம் இன்னும் தள்ளிப்போயிருக்கும். உடனடிப் பயனைச் சொன்னால்தான் பணம் என்று கேட்கும் போக்கை நான் ஏற்பதில்லை. அதேபோல, எதிர் ஆக்சிஜனேற்றி என்ற பெயர் ஒட்டிய மாத்திரை எதுவும் உடலைக் காக்கும் என்னும் நம்பிக்கையையும் ஏற்பதில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. பாக்டீரியாகூட இந்த நொதிகளை எப்போதும் உச்ச அளவில் வைத்திருப்பதில்லை. அளந்து, வேண்டும்போது மட்டும் செய்கிறது.

வேண்டாதபோது நிறுத்துவதும் அதே பொறியில் அடங்கியுள்ளது. ஆக்சி-ஆர் எழுப்பும் மரபணுக்களில் ஒன்று குளூட்டாரிடாக்சின் என்ற சிறு புரதத்துக்குரியது. ஆக்சி-ஆரின் டைசல்பைடு பிணைப்பை அவிழ்த்து அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது அந்தப் புரதமே. பெராக்சைடு தொடர்ந்து வந்தால் பிணைப்பு மீண்டும் மீண்டும் உண்டாகும். நின்றுவிட்டால் சில நிமிடங்களில் எச்சரிக்கை தணியும்.

மீண்டும் நுரைக்கு வருவோம். பெராக்சைடு மின்னூட்டமற்ற சிறு மூலக்கூறு என்பதால் சவ்வைக் கடந்து எளிதில் உள்ளே வந்துவிடும். தனித்து நிற்கும் ஒரு பாக்டீரியா எவ்வளவு கேட்டலேஸ் வைத்திருந்தாலும், வெளியே கடல் போலப் பெராக்சைடு இருந்தால், உடைக்க உடைக்க உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஈ.கோலையை அடர்த்தி குறைவாக வைத்துச் சோதித்தபோது, கேட்டலேஸ் உள்ளவையும் இல்லாதவையும் ஏறத்தாழ ஒன்று போலவே மடிந்தன. நெருக்கமாகத் திரண்டிருந்தபோது கதை மாறியது: எல்லாம் சேர்ந்து சுற்றியுள்ள நீரிலிருந்தே பெராக்சைடைத் தீர்த்துவிட்டன, நடுவே இருந்த, கேட்டலேஸ் செய்யத் தெரியாத உயிரணுக்களும் அந்த நிழலில் பிழைத்துக்கொண்டன. காயத்தின் நுரையில் பாக்டீரியாவுக்குரிய பங்கு சிறியதுதான் என்றாலும், அது இப்படித் திரண்டிருக்கும் கூட்டத்திலிருந்து எழுவது.