எஞ்சின், டிரக், ஸ்குவாட்: எல்லாமே தீயணைப்பு வண்டிதானா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) தீயணைப்புத் துறையில் எஞ்சின், டிரக், ஸ்குவாட் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லித்தான் வண்டியைக் கூப்பிடுவார்கள். தமிழில் எழுதும்போது நாம் மூன்றையும் தீயணைப்பு வண்டி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அங்கே எஞ்சின் வேண்டிய இடத்துக்கு டிரக்கை அனுப்பினால் தண்ணீருக்கு என்ன செய்வது?

எஞ்சினிலிருந்தே தொடங்கலாம். இலத்தீனில் இங்கேனியம் என்றால் பிறவியிலேயே வாய்த்த அறிவுக்கூர்மை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, அந்த அறிவால் செய்த கருவிக்கே அது பெயராகிவிட்டது. கோட்டையை இடிக்கும் போர்க்கருவிகூட எஞ்சின்தான். 1721-இல் லண்டனில் ரிச்சர்ட் நியூஷாம் காப்புரிமை வாங்கிய தீயணைப்பு எஞ்சினில் மோட்டாரும் இல்லை, நீராவியும் இல்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கைப்பிடியை ஏற்றி இறக்கித் தண்ணீர் அடித்தார்கள். ஆக, இங்கே எஞ்சின் என்பது வண்டியை ஓட்டும் எஞ்சின் அல்ல, தண்ணீர் இறைக்கும் எந்திரம்.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் நம்மிடம் உண்டு: பொறி. மதுரைக் கோட்டை மதிலில் தானே வளைந்து அம்பு எய்யும் பொறி இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. எலிப்பொறியிலும் பொறியியலிலும் இருப்பது அதே சொல். போர்க்கருவியில் தொடங்கிப் பொறியாளர் வரை, எஞ்சின் நடந்த வழியிலேயே பொறியும் நடந்திருக்கிறது. சரி, ஃபயர் எஞ்சினைத் தீப்பொறி என்றே சொல்லிவிடலாமா? வந்தது வினை! அணைக்க வந்த வண்டி பற்றவைக்கிற பொருளாகிவிடும்.

தமிழ்நாட்டுத் துறையில் புழங்கும் பெயர் நீர்தாங்கி வண்டி. நல்ல பெயர்தான், ஆனால் அமெரிக்க எஞ்சினுக்கு அது அவ்வளவு பொருந்தாது. அங்கே முதல் வகை எஞ்சினுக்குக் குறைந்தபட்சத் தொட்டி 300 கேலன், அதாவது ஏறக்குறைய 1,135 லிட்டர். பம்போ நிமிடத்துக்கு 1,000 கேலன் இறைக்க வேண்டும். முழு வேகத்தில் விட்டால் 18 நொடியில் தொட்டி காலி. தெருவோரத்தில் தீயணைப்புக்கென்றே இருக்கும் தண்ணீர்க் குழாய் முனையான ஹைட்ரண்டில் குழாயை மாட்டிவிட்டால் அப்புறம் தண்ணீருக்குக் கவலையில்லை. தாங்குவதைவிட இறைப்பதே இதன் முதல் வேலை என்பதால், நீரிறைப்பு வண்டி என்றே நான் எழுதுவேன்.

டிரக்கை லாரி என்று எழுதிவிடாதீர்கள். தீயணைப்பில் அது ஏணி வண்டி. அதில் வருபவர்கள் கதவை உடைப்பார்கள், புகை வெளியேறக் கூரையில் துளை போடுவார்கள். பலவற்றில் பம்பே இருக்காது. பம்பு, தொட்டி, குழாய், எந்திர ஏணி, கை ஏணி ஐந்தும் ஒன்றாக வந்தால் அதற்குக் குவின்ட் என்று பெயர்.

ஸ்குவாட் என்றதும் 'படை' என்று எழுதக் கை போகும். அந்தக் கவுண்டியில் அது இரண்டு பாராமெடிக்குகள் வரும் சிறிய வண்டி. அதில் நோயாளியை ஏற்ற மாட்டார்கள், ஆம்புலன்ஸ் தனியாக வரும். 1970-இல் கலிபோர்னியாவில் பாராமெடிக் சேவைக்கென்றே சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் அப்போதைய ஆளுநர் ரொனால்டு ரீகன். பாராமெடிக்கைத் துணை மருத்துவர் என்றால் சிக்கல்: நம்மூரில் லேப், எக்ஸ்ரே படிப்புகளுக்கும் துணை மருத்துவப் படிப்பு என்றுதான் பெயர். அவசர மருத்துவ உதவியாளர் என்றால் குழப்பமில்லை. வண்டியை அவசர உதவி வண்டி எனலாம்.

கவுண்டியை மாவட்டம் என்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கென்று வேறொரு தீயணைப்புத் துறை இருக்கிறது.

கடைசியாக, டேங்கர். நமக்கு அது தண்ணீர் லாரி. கலிபோர்னியாவில் காட்டுத்தீயின்போது டேங்கர் என்றால் மேலே பார்க்க வேண்டும்: அது தீத்தடுப்புக் கலவையைக் கொட்டும் விமானம். தரையில் வரும் தண்ணீர் லாரிக்கு அங்கே டெண்டர் என்று பெயர்.